குளவியா, குருவா?



சமய வகுப்புக்குப் போன யாருக்கும் இந்தப் பழமொழி புதிதாக இருக்காது: குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும். குளவி ஒரு புழுவைத் தூக்கி வந்து தன் மண்கூட்டில் அடைத்து வைக்குமாம். அடிக்கடி வந்து கொட்டுமாம். புழு பயத்தில் குளவியையே நினைத்துக்கொண்டு கிடக்குமாம். நினைத்து நினைத்துக் கடைசியில் அதுவும் குளவியாகவே மாறிக் கூட்டை உடைத்துக்கொண்டு பறந்துவிடுமாம். எதை விடாமல் நினைக்கிறோமோ அதுவாகவே ஆகிவிடுவோம் என்பதற்கு இதை உவமையாகச் சொல்லுவாங்க.

இது வெறும் பாட்டி கதை இல்லை. ஸ்ரீமத் பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில், ஓர் அவதூதர் யது மன்னனிடம் தமக்கு 24 குருமார்கள் உண்டு என்கிறார். பூமி, காற்று, கடல், புறா, மலைப்பாம்பு, மீன் என்று நீளும் அந்தப் பட்டியலில் 23-ஆவது குரு சிலந்தி, 24-ஆவது குரு குளவி. தன் உடம்பிலிருந்தே நூல் எடுத்து வலை பின்னி, பிறகு அதைத் தானே விழுங்கிவிடும் சிலந்தியைப் பார்த்து, இறைவன் உலகத்தைப் படைத்து ஒடுக்குவதை அவர் புரிந்துகொண்டார். குளவியைப் பார்த்து, அன்பாலோ வெறுப்பாலோ பயத்தாலோ மனம் எதில் ஊன்றுகிறதோ அதன் வடிவத்தையே உயிர் அடைகிறது என்று தெரிந்துகொண்டார். ஸ்ரீ ராமகிருஷ்ணர்கூட ஒரு கரப்பான்பூச்சியை வைத்து இதே உவமையைச் சொல்லியிருக்கிறார்.

இங்கே மெர்போக்கில் நடந்த ஒரு வகுப்பில் இதை நான் சொன்னபோது, படிவம் இரண்டு படிக்கும் ஒரு தங்கை கை தூக்கினாள். "அண்ணே, புழு எப்படி குளவியாகும்? எங்க சயன்ஸ் டீச்சர் அப்படிச் சொல்லலையே!" மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அது சிரிக்கிற கேள்வியாகப் படவில்லை. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஒன்றும் சமய வகுப்பில் இன்னொன்றும் கேட்டால், இரண்டில் ஏதோ ஒன்று பொய் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் எதைப் பொய் என்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் முதலில் குளவி உண்மையில் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

நம் ஊரில் குளவியைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஜன்னல் சட்டத்தில், சாமி மேடைக்குப் பின்னால், நாலு நாள் எடுக்காமல் மாட்டி வைத்த ஹெல்மெட்டுக்குள்ளே என்று எங்கே வேண்டுமானாலும் மண்கூடு கட்டிவிடும். மலாய்க்காரர்கள் இதை 'அங்குட்-அங்குட்' என்கிறார்கள். 'அங்குட்' என்றால் சுமந்து போவது. ஈரமண்ணை உருண்டை உருண்டையாகச் சுமந்து வந்து அறை அறையாகக் கட்டுவதால் பொருத்தமான பெயர்தான். தமிழில் இதற்கு வேட்டுவன் என்ற பழைய பெயர் உண்டு. இந்த வகையில் ஒரு குளவிக்கு நம் சென்னையின் பெயரே அமைந்திருக்கிறது. டென்மார்க் நாட்டு அறிஞர் ஃபாப்ரீசியஸ் 1781-இல் அதற்கு மெட்ராஸ்பட்டணத்தைக் குறிக்கும் அறிவியல் பெயரை வைத்தார்.

இந்த மண்குளவி தன் கூட்டின் ஒவ்வோர் அறையிலும் பல சின்னச் சிலந்திகளை அடைத்து வைக்கும். இன்னொரு குடும்பம் இருக்கிறது. அது சிலந்தியைத் தவிர வேறு எதையும் வேட்டையாடாது. உலகம் முழுக்க சுமார் 5,000 இனங்கள். நீண்ட கால்கள், கருநீல உடம்பு, ஓடும்போதே சிறகை வெட்டி வெட்டி அடித்துக்கொள்ளும் பரபரப்பு. ரப்பர் மரத்தடிச் சருகில் நீங்கள் பார்த்திருக்கலாம்.

நான் ஒருமுறை நிதானமாகப் பார்த்தது, நம் அருங்காட்சியகத்துக்குப் பின்னால் உள்ள புக்கிட் பத்து பாஹாட் கோயில் இடிபாட்டில். தன்னைவிடப் பெரிய சிலந்தி ஒன்றை ஒரு குளவி பின்னாலேயே நடந்து இழுத்துக்கொண்டு போனது. கல் படி வந்தால் விட்டுவிட்டு மேலே ஏறி வழி பார்க்கும். திரும்பி வந்து மறுபடி பிடித்து இழுக்கும். சிலந்தியிடம் ஓர் அசைவும் இல்லை. செத்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் அது சாகவில்லை. விஷயமே இங்கேதான் இருக்கிறது. குளவி கொட்டுவது கொல்வதற்கு அல்ல, செயலிழக்க வைப்பதற்கு. செத்த சிலந்தி இரண்டு நாளில் அழுகிவிடும். உயிரோடு அசையாமல் கிடக்கும் சிலந்தி கெடாது. குழிக்குள் இழுத்துப் போய், சிலந்தியின் வயிற்றின் மேல் ஒரே ஒரு முட்டை வைத்து, வாசலை மண்ணால் அடைத்துவிட்டுத் தாய்க்குளவி போய்விடும். சில நாளில் முட்டையிலிருந்து ஒரு புழு வெளியே வரும். அது சிலந்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். இதயம் போன்ற முக்கிய உறுப்புகளைக் கடைசிக்கு விட்டுவைக்கும். சாப்பாடு கடைசிவரை கெடாமல் இருக்க வேண்டுமே! தின்று முடித்துக் கூட்டுப்புழுவாகி, பிறகு குளவியாக வெளியே வரும். வளர்ந்த குளவியோ சிலந்தியைத் தின்பதில்லை. பூக்களில் தேன் குடித்துத்தான் வாழ்கிறது. அத்தனை வேட்டையும் பிள்ளைக்காக.

இப்போது பழமொழிக்குத் திரும்புங்கள். நம் முன்னோர் கண்ணால் பார்த்தது பொய்யில்லை. கூட்டுக்குள் ஒரு பூச்சி போனது உண்மை. மூடிய கூட்டைத் திறந்தால் உள்ளே ஒரு புழு இருந்தது உண்மை. கடைசியில் குளவி வந்ததும் உண்மை. நடுவில் நடந்தது மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

நம் ஆட்கள் மட்டும் இப்படி நினைக்கவில்லை. சீனர்களின் மிகப் பழைய பாடல் தொகுப்பான ஷிஜிங்கில் குளவி பச்சைப்புழுவைத் தூக்கிப் போகும் செய்தி வருகிறது. குளவி அந்தப் புழுவைத் தத்தெடுத்து, தன்னைப் போலவே ஆகும்படி சொல்லிச் சொல்லி வளர்க்கிறது என்று அவர்களும் நம்பினார்கள். தத்துப்பிள்ளையை அந்தப் புழுவின் பெயராலேயே குறிப்பிடும் வழக்கமும் சீன மொழியில் ஏற்பட்டது. சுமார் 1,500 வருடங்களுக்கு முன்பு தாவ் ஹொங்ஜிங் என்ற அறிஞர் குளவிக் கூடுகளைத் திறந்து பார்த்தார். வேறு பூச்சி குளவியாக மாறவில்லை, குளவி தன் முட்டையை வைத்து, பிடித்து வந்ததைத் தன் குஞ்சுக்கு உணவாக்குகிறது என்று எழுதி வைத்தார். அவர் ஒரு தாவோ சமயத் துறவி! கூட்டைத் திறந்து பார்த்ததால் அவர் பக்தி ஒன்றும் குறைந்துபோகவில்லை.

அப்படியானால் நம் உவமை செத்துவிட்டதா? இல்லை என்பதுதான் என் எண்ணம். உண்மையைத் தெரிந்துகொண்ட பிறகு அது இன்னும் கூர்மையாகிறது.

யோசித்துப் பாருங்கள். கூட்டுக்குள் இரண்டு உயிர்கள் இருந்தன. ஒன்று சிலந்தி, மற்றொன்று புழு. புழு குளவியானது. ஏன்? அது ஆரம்பத்திலிருந்தே குளவியின் பிள்ளை. சிலந்தி எத்தனை தடவை கொட்டு வாங்கினாலும் குளவியாகாது. அது குளவிக்கு உணவாகும், அவ்வளவுதான்.

சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இங்கே வேறொரு கதை ஞாபகம் வரும். மெய்கண்டார் சிவஞான போதத்தின் எட்டாம் சூத்திரத்தில், வேடர்களிடையே வளர்ந்து தான் யார் என்பதை மறந்துபோன அரசகுமாரனைப் போல உயிரைக் காட்டுகிறார். ஐம்புலன்கள்தான் அந்த வேடர்கள். இறைவனே குருவாக வந்து, நீ இவர்களில் ஒருவன் இல்லை, நீ யாருடைய பிள்ளை தெரியுமா என்று உணர்த்துகிறான். குரு அந்தப் பிள்ளையை வேறு ஒருவனாக மாற்றவில்லை. அவன் யார் என்பதை அவனுக்கு நினைவூட்டுகிறார். குளவியின் புழு குளவியாவது போலத்தான் இதுவும். உள்ளே ஏற்கெனவே இருந்தது வெளியே வருகிறது.

ஆக, நம் வாழ்க்கையில் கொட்டுகிறவர்கள் இரண்டு வகை. ஒருவர் நீ யார் என்பதை வெளியே கொண்டுவரக் கொட்டுகிறார். அவர் குரு. இன்னொருவர் உன்னை அசையாமல் வைத்துக்கொள்ளக் கொட்டுகிறார். அவர் வேட்டுவன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும் என்பதுதான் ஆபத்து.

இதைச் சொன்னதும் குளவி மேல் கோபம் வரலாம். வேண்டாம். பூச்சியின் உடம்பை உயிரோடு உள்ளிருந்து தின்னும் குளவி இனங்களை நினைத்து, 1860-இல் டார்வின் தம் நண்பர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், கருணையுள்ள கடவுள் வேண்டுமென்றே இப்படிப் படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்று வருந்தினார். அந்த வருத்தம் நியாயமானது. சிலந்தியின் வலி சின்ன விஷயம் என்று நம் சமயமும் சொல்லவில்லை. திருவானைக்காவில் சிவலிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலை பின்னிய சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கட் சோழராகி 63 நாயன்மாரில் ஒருவரானது. சிலந்திக்குள்ளும் அதே உயிர்தான்.

ஆனால் குளவிக்குப் பாவம் உண்டா என்று கேட்டால், இல்லை என்பேன். அதற்கு வேறு வழி கிடையாது. சிலந்தியை விட்டுவிட்டுச் சோற்றுப் பருக்கையைக் கொண்டுபோய்ப் பிள்ளைக்கு ஊட்ட அதனால் முடியாது. தேர்ந்தெடுக்க முடிகிற இடத்தில்தான் தர்மம், அதர்மம் என்ற பேச்சே வருகிறது. அந்த இடம் மனிதப் பிறவி. அதனால்தான் சிலர் சொல்லும் ஒரு வாதத்தை என்னால் ஏற்க முடிவதில்லை. "உலகமே அப்படித்தான் பிரதர். பெரிய மீன் சின்ன மீனைத் திங்கும். நாம மட்டும் நல்லவனா இருந்து என்ன செய்றது?" மீன் தின்பது உண்மைதான். ஆனால் மீனுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும்: தின்னாமலும் இருக்கலாம்! குளவி செய்வதை மனிதன் செய்தால் அது இயற்கை ஆகாது. அது குற்றம்.

அந்தக் குற்றம் நம் பக்கத்திலேயே நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். தோட்டம் மூடி, அப்பா செக்யூரிட்டி வேலைக்குப் போய், அம்மா இரவு ஷிப்டில் பேக்டரிக்குப் போன வீடு. பையன் நல்லாப் பந்து விளையாடுவான். சுங்கைப்பட்டாணியில் ஓர் 'அண்ணன்' பழக்கமானார். முதலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். அப்புறம் பூட் வாங்கிக் கொடுத்தார். அப்புறம் ஒரு பழைய போன். "அண்ணன் இருக்கேன்லா, நீ ஏன் பயப்படுற?" ஒரு வருடத்தில் பையன் பேச்சு, நடை, தலைமுடி எல்லாம் அந்த அண்ணனைப் போலவே ஆகிவிட்டன. பழமொழி பலித்தது போலத்தான் இருந்தது.

அவனுக்கு 18 வயது ஆனதும் அண்ணன் கேட்டது சின்ன உதவிதான். "உன் பேர்ல ஒரு பேங்க் அக்கவுண்ட் திறந்து கார்டை என்கிட்ட கொடு." கொடுத்தான். யார் யாரையோ ஏமாற்றிய பணம் அதில் வந்து போனது. போலீஸ் வந்தது அவன் வீட்டு வாசலுக்கு. வங்கிக் கணக்கை மற்றவருக்கு இரவல் கொடுப்பது இந்த நாட்டில் குற்றம் என்பது அன்றைக்குத்தான் அவன் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. அண்ணனின் போன் அடிக்கவே இல்லை.

அந்தப் பையன் குளவியாகவில்லை. குளவி வேஷம் போட்ட சிலந்தியாக இருந்தான்.

"ஏன் ஓடி வரவில்லை? அவனை யார் கட்டிப் போட்டார்கள்?" என்று அவன் மாமா கேட்டார். நல்ல கேள்வி. பதில் இன்னொரு குளவியிடம் இருக்கிறது. கரப்பான்பூச்சியை வேட்டையாடும் ஒரு குளவி உண்டு. மரகதப் பச்சையில் பளபளக்கும், பார்க்க அழகாக இருக்கும். அது இரண்டு முறை கொட்டும். முதல் கொட்டு மார்பில். முன்னங்கால்கள் கொஞ்ச நேரத்துக்கு மரத்துப் போகும். இரண்டாவது கொட்டு நேரே தலைக்குள், மூளையில். இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட்ரிக் லிபர்சாட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் இதைப் பல வருடங்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். கொட்டு வாங்கிய கரப்பானின் கால்கள் மறுபடி நன்றாகத்தான் இருக்கும். நடக்க முடியும். ஆனால் தானாக நடக்க வேண்டும் என்ற எண்ணம் போய்விடும். குளவி அதன் மீசையைப் பிடித்து, கயிற்றில் கட்டிய நாயைக் கூட்டிப்போவது போலத் தன் பொந்துக்கு நடத்திக்கொண்டு போகும். கரப்பானும் தன் காலாலேயே நடந்து போகும்.

கால் இருந்தும் ஓடாத கரப்பான். அந்தத் தம்பியும் அப்படித்தான். யாரும் அவனைக் கட்டிப் போடவில்லை. வேண்டாம் என்று சொல்லும் ஆசைதான் அவனிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தது. சாப்பாடும் பூட்டும் போனும் வாங்கிக் கொடுத்தவரிடம் எப்படி முடியாது என்று சொல்வது? அந்த நன்றிக்கடன்தான் இரண்டாவது கொட்டு.

ஆகவே இளைஞர்களே, உங்களை யாராவது கொட்டும்போது, அது வலியாக இருந்தாலும் சரி, பாசமாக இருந்தாலும் சரி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதற்கப்புறம் நான் அதிகமாக அசைகிறேனா, குறைவாக அசைகிறேனா? கண்டிப்பான ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். திட்டுவார், திருப்பி எழுத வைப்பார். ஆனால் அவரிடம் படித்தவன் படிவம் ஆறு போகிறான், பல்கலைக்கழகம் போகிறான், அவரையே மிஞ்சிப் போகிறான். அவருக்கு அதில் சந்தோஷம். வேட்டுவன் அப்படி இல்லை. அவனிடம் போனவன் பழைய நண்பர்களை விடுகிறான், பந்து விளையாட்டை விடுகிறான், வீட்டில் பேசுவதை விடுகிறான். அவன் உலகம் சுருங்கிச் சுருங்கி ஒரு மண்கூடு அளவுக்கு ஆகிவிடுகிறது.

இந்தக் கேள்வியைக் கும்பல் அண்ணன்களிடம் மட்டும் கேட்டால் போதாது. ஆறு மாதத்தில் பணக்காரன் ஆக்குகிறேன் என்று கூட்டம் போடுகிறவரிடமும் கேளுங்கள். "உன் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிக் கைப்பேசியைப் பிடுங்கிப் பார்க்கும் காதலனிடமும் கேளுங்கள். சாமியார் என்று சொல்லி, கேள்வி கேட்காதே, சரணடை என்பவரிடமும் கேளுங்கள். நம் இயக்கத்திடமும் கேளுங்கள். இங்கே வந்த பிறகு நீங்கள் சுயமாக யோசிப்பது குறைந்திருந்தால், எங்களிடமே வந்து சொல்லுங்கள். அதைக் கேட்கப் பொறுமையில்லாத இயக்கத்துக்கு சமயத்தின் பெயர் எதற்கு?

அவதூதர் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அவருடைய 24 குருமார்களில் யாரும் அவரைப் பிடித்து வைக்கவில்லை. யாரும் தன்னைக் குருவாக ஏற்கச் சொல்லவில்லை. அவராகவே நடந்து திரிந்தார், பார்த்தார், யோசித்தார், எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டார். குளவியைக்கூட வெளியே நின்றுதான் பார்த்தார். கூட்டுக்குள் போய்ப் படுக்கவில்லை.

ஏற்கெனவே கொட்டு வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு செய்தி. குளவி கொட்டிய சிலந்தி எல்லாமே முடிந்துபோவதில்லை. முட்டை வைக்கப்படாமல் தப்பினால், சில சிலந்திகள் மெல்ல மெல்ல விஷம் இறங்கி மறுபடி எழுந்து நடப்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எழுந்து நடக்க நாளாகும். ஆனாலும் நடக்கிறது.

சிலந்தியைக் குழியிலிருந்து தூக்கி வெளியே வைக்க இன்னொரு சிலந்தி வராது. மனிதர்களுக்கு வரலாம். உங்கள் வகுப்பில், உங்கள் தாமானில், உங்கள் கோயில் உறுமிமேளக் குழுவில் திடீரென்று அசைவு குறைந்துபோன ஒரு முகம் இருக்கிறதா? அறிவுரை எல்லாம் அப்புறம் சொல்லலாம். இன்றைக்குச் சாயந்திரம் அவன் வீட்டு வாசலில் போய் நின்று, "டேய், பந்து விளையாட வர்றியா?" என்று கேளுங்கள்.